ஓடைக்கரையில் ஆம்ப்ரோஸின் பங்கு

சிகாகோ
மார்ச் 10, 1957

அன்புள்ள டெலியா அக்காவுக்கு,

இந்தக் குளிர்காலம் எங்களுக்கு நன்றாகப் போயிற்று. எங்களுக்கு என்றால் டாலிவர் சவ அடக்க நிலையத்துக்கு. சளிக்காய்ச்சல் தெரு தெருவாக வந்து எங்களை ஆதரித்தது. நான் ஓட்டும் கறுப்பு வண்டி ஒருநாள்கூடச் சும்மா நிற்கவில்லை. அம்மாவிடம் இதை இப்படியே படிக்காதே.

போன வாரம் முதலாளி டாலிவர் என்னை உள்ளே கூப்பிட்டார். அவருக்குப் பிள்ளை இல்லை, முழங்காலும் போய்விட்டது. "ஆம்ப்ரோஸு, இந்த ஊர்ல நம்ம கறுப்பு ஆளு துணிக்கடை வெச்சா எதிர்ல வெள்ளைக்காரன் ரெண்டு கடை வெப்பான். பலசரக்குன்னாலும் அப்படித்தான். நம்ம பொணம் ஒண்ணுதான் அவனுக்கு வேண்டாம். அதனால நமக்குன்னு இருக்கிற தொழில் இது ஒண்ணுதான். பணம் போடு, பாதி உன்னுது. பலகையில பேரு எழுதிடலாம்" என்றார்.

அக்கா, நான் இந்த ஊருக்கு வந்து மாடு அறுக்கும் தொழிற்சாலையில் ரத்தம் கழுவினேன். பிறகு அடுத்தவன் வண்டியை ஓட்டினேன். என் பெயர் சம்பளச் சீட்டைத் தவிர எங்கும் எழுதப்பட்டதில்லை. 'டாலிவர் - மங்கின்' என்று ஒரு பலகை. ஒரு முறை உரக்கப் படித்துப் பார்.

என்னிடம் பணம் இல்லை. நம்மிடம் நிலம் இருக்கிறது. தீவுக்குப் பாலம் போட்டுவிட்டார்களாம், ஓடைக்கரை நிலத்துக்கு இப்போது விலை கிடைக்குமாம். அப்பா போனபின் அது அம்மாவுக்கும் உனக்கும் எனக்கும் பொது. விற்றுவிட்டு நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள். எங்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும்.

உன் தம்பி
ஆம்ப்ரோஸ்


டாபி தீவு, தென் கரோலினா
மார்ச் 24, 1957

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தை அப்படியேதான் படித்தேன். அம்மா நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். கடைசி வரை கேட்டுவிட்டு, "சின்ன வயசுலயே செத்த குருவியப் பொதைக்கிறதுல அவன் கெட்டிக்காரன். உயிரோட இருக்கிற குருவிய ஒருநாளும் திரும்பிப் பாத்ததில்ல" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "வெந்நி வேணும்னா நான் அடுப்பு மூட்டிக்கிறேன். எனக்கு வேண்டியது உங்கப்பன் பக்கத்துல இருக்கிற எடம். அது சிகாகோவுல கெடைக்குமான்னு கேட்டு எழுது" என்றாள். கேட்டு எழுதிவிட்டேன்.

விற்பதற்கு ஒரு சிரமமும் இருக்கிறது. நம்மிடம் நிலம் உண்டு, காகிதம் கிடையாது. தாத்தா பிரைமஸின் சட்டம் உனக்கு நினைவிருக்கும். அவர் அடிமைத்தனத்தை ஒழித்த போரில் வடக்குப் படையின் நீலக் கோட்டுப் போட்டுப் போர் செய்து வாங்கிய சம்பளத்தில் இந்தக் கரையை வாங்கினார். வாங்கிய பிறகு பார்த்தார்: உயில் எழுத நீதிமன்றத்துக்குப் போன பக்கத்து வீட்டார் எல்லாம் படிக்கத் தெரியாமல் கையெழுத்துக்குக் கீறல் போட்ட இடத்தில் நிலத்தை விட்டுவிட்டு வந்தார்கள். ஆகவே அவர் உயில் எழுதவில்லை, அப்பாவையும் எழுத விடவில்லை. அந்தக் கட்டடத்துக்குள் மங்கின் யாரும் கால் வைக்கக் கூடாது. காகிதமே இல்லாத நிலத்தை எப்படித் திருடுவார்கள் என்பது அவர் கேள்வி. இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

எனக்கும் ஒரு பலகை ஆசை இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடற்கரை முழுக்க நம்மவர் கால் நனைக்க ஓர் இடம் இல்லை. சார்ல்ஸ்டனில் இருந்து வரும் ஆசிரியைகள் கடலைப் பார்த்துவிட்டு, நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிப் போகிறார்கள். நம் வீட்டோடு நான்கு அறைகள் சேர்த்துக் கட்டினால் ஒரு விடுதி ஆகும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கணக்குப் போடும் நேரத்தில் நான் அறைகளைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். உன் வாடிக்கையாளர்களைவிட என் வாடிக்கையாளர்கள் திரும்பி வரக்கூடியவர்கள்.

நிலம் விற்பனைக்கு இல்லை.

டெலியா


சிகாகோ
செப்டம்பர் 2, 1957

அக்கா,

இதைப் படித்துவிட்டுக் கோபப்படு. படிக்கும்போதே கோபப்படாதே.

போன மாதம் விட்லோ என்று ஒருவர் வந்தார். வெள்ளைக்காரர். உங்கள் பக்கத்து வக்கீல்தான். ரயிலேறி சிகாகோவுக்கு வந்து, மூன்று மாடி ஏறி, என் கதவைத் தட்டினார். நான் திறந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "மிஸ்டர் மங்கின், உள்ள வரலாங்களா?" என்று கேட்டார்.

அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என்னை அங்கே 'பையா' என்றார்கள். இங்கே 'ஏய்' என்கிறார்கள். எனக்கு மண்டையில் நரை வந்துவிட்டது. அப்பாவை அவர் சாகும் வரை ஒரு வெள்ளைக்காரன் 'மிஸ்டர்' என்றதில்லை. இவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, நான் கொடுத்த காபியைக் குடித்தார். எதிர்வீட்டுக்காரி ஏதோ பாத்திரம் கேட்கிற சாக்கில் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

உன் பங்கையும் அம்மாவின் பங்கையும் அவர் கேட்கவே இல்லை. "உங்க குடும்பத்தாருக்கு இஷ்டமில்லன்னா அவங்க பாட்டுக்கு இருக்கட்டும் மிஸ்டர் மங்கின். உங்க பங்கு மட்டும் போதும்" என்றார். நான் என் பங்கை மட்டும் கொடுத்தேன். சேற்றுப்பக்கம், நண்டு வளை இருக்குமே, அதுதான் என் பங்கு என்று மனதில் வைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். வீட்டுப்பக்கமும் அப்பாவைப் புதைத்த இடமும் உங்களுடையவை. அதை எவன் தொடுவான்?

பலகைக்கு எழுதக் கொடுத்தாயிற்று. தங்க எழுத்து.

ஆம்ப்ரோஸ்


டாபி தீவு
அக்டோபர் 20, 1957

தம்பி,

உன் பங்கைத் தேடிக்கொண்டு நில அளவை ஆட்கள் வந்தார்கள். முக்காலி, சங்கிலி, சிவப்புக் கொடி எல்லாம் கொண்டுவந்தார்கள். நண்டு வளைப் பக்கம் அவர்கள் திரும்பக்கூட இல்லை. வீட்டு வாசலில் ஒரு கொடி, கிணற்றடியில் ஒன்று, அப்பாவின் தலைமாட்டில் ஒன்று நட்டார்கள். அம்மா அந்தக் கடைசிக் கொடியைப் பிடுங்கிக் கோழிக்கூட்டில் செருகிவிட்டாள்.

பிறகு ஷெரீபின் ஆள் ஒருவன் கோர்ட்டுக் காகிதம் கொண்டுவந்தான். சின்னப் பையன், வெள்ளைக்காரன். படிக்கத் தெரிந்த ஆசிரியை என்பதால் எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

"டெலியா, ஒரு அப்பம் இருக்குன்னு வெச்சுக்கோ. மூணு பேருக்கும் பொது. ஒருத்தன் என் பங்கைக் குடுன்னு கோர்ட்டுல கேக்குறான். கோர்ட்டு பாக்கும். வெட்ட முடியலன்னா மொத்த அப்பத்தையும் ஏலத்துல வித்துட்டுக் காசைப் பிரிச்சுக் குடுத்துரும்."

"வெட்ட முடியுமே" என்றேன்.

"அதை எங்கிட்ட ஏன் சொல்ற? கோர்ட்டுல வந்து சொல்லு."

உன் பங்கில் பக்கம் எதுவும் கிடையாது என்பது இப்போது தெரிகிறது. ஒவ்வொரு பிடி மண்ணிலும் நம் மூன்று பேருக்கும் பங்கு இருந்தது. அதில் உன்னுடையதை விட்லோவிடம் கொடுத்தாய். இப்போது ஒவ்வொரு பிடி மண்ணிலும் அவர் இருக்கிறார். அப்பாவின் மேல் கிடக்கும் மண்ணிலும்தான். காபியில் சர்க்கரை போட்டாயா?

காகிதத்தை என்ன செய்வது என்று அம்மாவைக் கேட்டேன். அவள் அடுப்பைக் காட்டினாள். "உங்க தாத்தா சொன்னது மறந்துபோச்சா? அந்த வாசப்படிய மிதிச்சா அதுதான் ஒத்துக்கிட்டதா அர்த்தம்."

நான் போகப்போவதில்லை.

டெலியா


சிகாகோ
நவம்பர் 4, 1957

அக்கா,

போ. தயவுசெய்து போ. தாத்தா செத்துப் போய்விட்டார், அவர் காலத்து நீதிபதியும் செத்திருப்பான்.

இங்கே ஒரு வக்கீலின் மாமியாரைப் போன வாரம் அடக்கம் செய்தோம். நம்மவர். கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் வண்டியிலேயே கேட்டேன். அவர் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உங்கக்கா நேர்ல போயி, எங்க பங்கைத் தனியா அளந்து குடுங்கன்னு கேட்டா, வெட்டிக் குடுக்க வழி இருக்கு. குடுக்காமலும் போகலாம். ஆனா யாருமே போகலன்னா எதிர்ப்பு இல்லைன்னு எழுதிக்கிட்டு ஏலம் போட்டுருவான். அந்த ஊர்ல நம்மாளுங்க நெலமெல்லாம் இப்படித்தான் போவுது. திருட வேண்டியதே இல்ல. வீட்ல உக்காந்திருக்கிறவன் கிட்டேர்ந்து சட்டப்படி எடுத்துக்கலாம்."

நானே வருகிறேன் என்றால், நான் வந்து என்ன சொல்வது? நிலத்தில் எனக்கு இனிப் பேச்சில்லை. பணத்தைத் திருப்பித் தருகிறேன், என் பங்கைக் கொடுங்கள் என்று விட்லோவுக்கு எழுதினேன். பதில் வந்தது. 'அன்புள்ள ஆம்ப்ரோஸ்' என்று தொடங்கியிருந்தது. மிஸ்டர் போய்விட்டது.

தாத்தாவின் கேள்விக்கு அந்த வக்கீல் சொன்னதுதான் பதில், அக்கா. போய்வா.

ஆம்ப்ரோஸ்


டாபி தீவு
ஜனவரி 12, 1958

தம்பி,

உன் கடிதம் விசாரணைக்கு முன்பே வந்துவிட்டது. தபாலின் மேல் பழி போட வழியில்லை.

பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் போனேன். நீதிமன்றத்துக்கு எதிரே தெருவுக்கு இந்தப் பக்கம் ஓக் மரம் ஒன்று இருக்கிறது. அதன் கீழே நின்றேன். பிள்ளைகளுக்கு நான் கற்பிக்கும் அரசியல் சட்டத்தின் முகவுரை எனக்கு மனப்பாடம். தெருவைக் கடந்தால் பத்துப் படி இருக்கும். அம்மாவின் குரல் காதில் இருந்தது. அதைவிட, உள்ளே போய்ப் பேசி, நான் பேசியும் அவர்கள் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம் இருந்தது. போகாமல் இருந்தால் குறைந்தது என்னைக் கேட்டு எடுத்ததாக ஆகாது. இப்படி ஒரு தர்க்கத்தை என் மாணவன் யாராவது எழுதியிருந்தால் முட்டைதான் போட்டிருப்பேன். நான்கு மணி வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஏலம் இம்மாதம் நடந்தது. அதை நீதிமன்றத்துக்கு உள்ளே நடத்துவதில்லை, வாசற்படியில் நின்று கூவுகிறார்கள். ஆகையால் தாத்தாவின் சட்டத்தை மீறாமலே பார்க்க முடிந்தது. நான் வகுப்பில் பெயர் கூப்பிட எடுத்துக்கொள்ளும் நேரம்கூட ஆகவில்லை. கேட்டவர் ஒரே ஒருவர். விட்லோவின் கம்பெனிக்காரர். எனக்குப் பக்கத்தில் நின்ற கிழவர், "எந்த நெலம்மா?" என்று கேட்டார். சொன்னேன். "ஓகோ. எங்களுது போன வருஷம்" என்றார், ஒரே வகுப்பில் படித்தவர்களைப் போல.

நீ தொப்பியைக் கழற்றிய ஒருவனுக்குக் கீழ்ப்படிந்தாய். நான் செத்துப்போன ஒருவருக்குக் கீழ்ப்படிந்தேன். இரண்டு பேருக்கும் நிலம் மிச்சமில்லை. உன்னைத் திட்ட எழுத உட்கார்ந்தேன், எனக்கே அதில் பாதி போய்ச் சேருகிறது. அதனால் இனி கொஞ்ச நாள் எழுதப்போவதில்லை.

அறுவடை வரை வீட்டில் இருக்கலாமாம். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "எதை அறுக்கறதாம்?" என்று கேட்டாள்.

டெலியா


சிகாகோ
டிசம்பர் 18, 1959

அக்கா,

இது நான் எழுதும் எட்டாவதோ ஒன்பதாவதோ. நீ பிரிக்கிறாயா என்று தெரியாது.

டாலிவர் ஓய்ந்துவிட்டார். கடை என் கையில்தான். தொழில் நன்றாக நடக்கிறது. இரண்டாவது வண்டி வாங்கியிருக்கிறேன். இதை நான் பெருமைக்கு எழுதவில்லை. என் பங்குப் பணம் வீணாகப் போயிருந்தால் உன்னிடம் மன்னிப்புக் கேட்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். குடித்தேன், சூதாடினேன், ஒருவன் ஏமாற்றிவிட்டான் என்று ஏதாவது சொல்லலாம். அப்படி ஒன்றும் ஆகவில்லை. நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. காலையில் வந்து பலகையைப் பார்க்கிறேன். அதற்குக் கீழே உள்ள கதவைத் திறந்து உள்ளே போகக் கொஞ்ச நேரம் ஆகிறது.

அம்மாவை அனுப்பு. நீயும் வா. படகுத்துறையில் வாடகை அறை எடுத்துக்கொண்டு எதற்காக இன்னும் அங்கே இருக்கிறீர்கள்?

ஆம்ப்ரோஸ்


டாபி தீவு
பிப்ரவரி 9, 1960

ஆம்ப்ரோஸ்,

தந்தி கிடைத்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். அம்மா போய்விட்டாள். தூக்கத்தில். முந்தின நாள் பகலெல்லாம் அவள் கேட்டது ஒன்றுதான்: "எங்கிட்ட பொய் சொல்லாத. அப்பா பக்கத்துல எனக்கு எடம் இருக்கா, அதையும் வித்துட்டாங்களா?" இருக்கிறது என்று சொன்னேன்.

இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. அங்கே இப்போது விட்லோ கம்பெனியின் ஓய்வு விடுதியும் வீடுகளும் இருக்கின்றன, சுற்றி வேலி இருக்கிறது, வாசலில் காவல் இருக்கிறது. கேட்கப் போனேன். விருந்தாளி என்றால் உள்ளே இருக்கும் வீட்டுக்காரர் பெயரைச் சொல், வேலையாள் என்றால் அட்டையைக் காட்டு என்றார்கள். இரண்டும் இல்லை என்றேன். அப்படி ஒரு வகை அவர்களிடம் இல்லை.

உன் தொழில் இது. வா.

டெலியா


சிகாகோ
பிப்ரவரி 28, 1960

அக்கா,

வாசலில் நின்றபோதும் நீ என்னோடு பேசவில்லை. ஆகையால் உள்ளே நடந்ததை எழுத வேண்டியிருக்கிறது.

காவலாளி என் கறுப்பு உடுப்பையும் வண்டியையும் பார்த்தான். "எந்தக் கம்பெனி?" என்றான். 'டாலிவர் - மங்கின்' என்றேன். எழுதிக்கொண்டான். "வேலையாளுங்க மட்டும் உள்ள போகலாம். ரெண்டு மணிக்கு முன்னாடி முடிச்சுடு. அப்புறம் கோல்ஃப் ஆட்டக்காரங்க வருவாங்க. குடும்பத்தாளுங்க யாரும் கூட வர்றாங்களா?" என்றான்.

அப்போது நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். "அக்கா, என் கடையாளுன்னு சொல்லிடறேன், ஏறிக்கோ" என்றேன். நீ தலையை ஆட்டியது இன்னும் கண்ணில் இருக்கிறது. பிறகு அம்மா கடைசியாகக் குடித்த கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டுத் தெரு ஓரமாகப் போய் நின்றாய். நான் காவலாளியிடம், "இல்லீங்க, குடும்பத்தாளு யாரும் இல்ல" என்றேன். பொய் சொன்னால்தான் மகன் தாயைப் புதைக்க முடியும் என்ற நிலைமையில் நான் கொஞ்சமும் திணறவில்லை. தொழில் பழக்கம்.

கல்லறைத் தோட்டத்தின் விளிம்பில் வண்டியை நிறுத்தி, நம் வழக்கப்படி, உள்ளே புதைந்திருக்கும் முன்னோர்களிடம் கேட்டேன்: "மங்கின் வீட்டு ஆம்ப்ரோஸு வந்திருக்கேன். அம்மாவக் கூட்டிட்டு வந்திருக்கேன். உள்ள வரட்டுமா?" பின்னால் வந்த காவலாளி தன்னைத்தான் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டான். "அதான் விட்டாச்சே, போ போ" என்றான்.

வேறு யாரும் பதில் சொன்ன மாதிரி எனக்குக் கேட்கவில்லை. போனேன்.

அப்பாவுக்கு வலப்பக்கம், ஓடையைப் பார்த்து. மண் ஈரமாக இருந்தது. நானே தோண்டினேன், கூட வந்த கடைப் பையன்களை விடவில்லை. நம்மவர் செய்கிறபடி கோப்பையின் அடியை உடைத்து அவள் தலைமாட்டில் வைத்தேன். பாட்டு நான் ஒருவன்தான் பாடினேன். பாதியில் மறந்துவிட்டது. தினம் அடுத்தவர் வீட்டுச் சாவுக்குப் பாடுகிறவன் நான்.

பெரிய கருங்கல் ஒன்று செய்யக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். என்ன எழுத வேண்டும் என்று சொல். இங்கே உனக்கு ஓர் அறை தயாராக இருக்கிறது. என்னை மன்னித்தாயா என்று கேட்கவில்லை. ஒரு வரி எழுதினால் போதும்.

ஆம்ப்ரோஸ்


டாபி தீவு
மே 15, 1960

தம்பி,

கல் அனுப்பாதே. புல்லுக்கு மேல் உயரமாக எதுவும் நிற்கக் கூடாதாம், வெட்டும் இயந்திரம் தட்டுமாம். கோப்பையைக்கூட ஒவ்வொரு முறையும் எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு. புல் வெட்டுகிறவர் நம் பக்கத்து ஆள், சாமுவேல். எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார், வெட்டி முடித்ததும் திரும்ப வைக்கிறார். இந்த ஏற்பாடு கம்பெனிக்குத் தெரியாது.

எனக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பாய். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டேன். ஏப்ரலில் இருந்து அந்த ஓய்வு விடுதியில் படுக்கை விரிக்கிறேன். கடலைப் பார்த்த அறைகள், ஒரு பகலுக்குப் பதினாறு. என்னை வேலைக்கு எடுத்த அம்மாள் படிப்பு எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். "இந்த வேலைக்கு அது இடைஞ்சலா இருக்காதே?" என்றாள். இருக்காது என்று உறுதி கொடுத்தேன். படம் ஒட்டிய அட்டை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். வாசலில் நீ பார்த்த அதே காவலாளிதான். இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் தடுப்பைத் தூக்கிவிடுகிறான்.

சாப்பாட்டு இடைவேளையில் அம்மாவிடம் போய்வருகிறேன். கோல்ஃப் ஆடும் புல்தரையில் குறுக்கே நடக்கக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும், அதனால் அங்கே நிற்கக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். எல்லையில் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன். உனக்குப் பதில் வரவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கும் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். இவ்வளவு பெரிய இடத்தில் என்னை அட்டை கேட்காதவர்கள் அவர்கள்தான்.

சிகாகோவுக்கு வரமாட்டேன். கோபத்தால் இல்லை. நான் அங்கே வந்துவிட்டால் இங்கே போய் நிற்க அட்டை உள்ள ஆள் யாரும் இல்லை.

ஒரு வரி கேட்டாய், இவ்வளவு எழுதிவிட்டேன். மற்ற நாட்களில் அவளைப் பார்க்க முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் உள்ளே விடமாட்டார்கள். அன்று எனக்கு விடுமுறை.

டெலியா